ரிம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது

ரிம்மா பாவ்லோவ்னா ஊர்ப் பத்திரிகையில் இருபது வருடம் உருளைக்கிழங்கு விளைச்சலையும் மேயர் ரிப்பன் வெட்டியதையும் எழுதினாள். அதுவரை அவள் நல்லவள். முதியோர் இல்லம் தீப்பற்றி, வெளியே பூட்டிய கதவுக்குப் பின்னால் கிழவர்கள் கருகிப்போனதை எழுதிய அன்றே வேலை போயிற்று. தீக்கு மின்சாரக் கெட்டில்தான் காரணமாம். கெட்டிலா போய்க் கதவைப் பூட்டியது?

வாயை மூடுகிற பிறவி அல்ல அவள். இணையத்தில் எழுதினாள். அரசு அவளை அந்நியக் கைக்கூலி என்று அறிவித்தது. அதன் பிறகு, "கதவைப் பூட்டியது யார்?" என்று அட்டையில் எழுதிக்கொண்டு நகராட்சி வாசலில் தனியாகப் போய் நின்றாள்.

தனியாக நின்றால் குற்றமில்லை. பக்கத்தில் இன்னொருவர் சேர்ந்தால் அது கூட்டம். கூட்டத்துக்கு அனுமதி வேண்டும். அதனால் வேண்டியவர்கள் எதிர்ச்சாரியிலேயே நின்று கண்ணால் நலம் விசாரிப்பார்கள். போலீஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? யாரோ ஒரு தடியனை அனுப்பி, "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்" என்று சொல்ல வைத்தார்கள். அப்படியே அடுத்தடுத்து வழக்குகள். இனி ஒன்று விழுந்தால் அபராதம் கிடையாது, சிறைதான்.

அன்று காலை கஞ்சி கிண்டும்போதே புருஷன் யெஃபிமோடு சண்டை.

"ஃபாக்டரியில கேட்டா, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்றியாமே?"

"வேலை போயிடும் ரிம்கா." செல்லமாக அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். " ரெண்டு பேரும் பட்டினி கிடக்கவா?"

"ஒரு தடவையாவது, அவ என் பெண்டாட்டின்னு வெளியில சொன்னியாடா, கோழை!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

மதியம். பனி கொட்டுகிறது. அட்டையைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. பார்த்தால், தெருவைக் கடந்து யெஃபிம் வருகிறான், தலைவாரி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி கோட்டு மாட்டிக்கொண்டு.

"கிட்ட வராதே! போ! அந்தப் பக்கம் போய்த் தொலை!"

கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டான், மடையன். நேராக வந்து அவள் தோளோடு தோளாக நின்றான்.

ஓரமாக நின்ற போலீஸ் வேனிலிருந்து இன்ஸ்பெக்டர் லாப்ஷின் இறங்கினான். அவனுக்கும் அன்று ஏனோ வழக்குப் போட மனசில்லை போலிருக்கிறது.

"ஐயா, நீங்க சும்மா வழியில போறவர்தானே?"

"ஆமா சார், இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று ரிம்மா முந்திக்கொண்டாள்.

யெஃபிம் நெஞ்சை நிமிர்த்தினான். "பொய் சொல்றா சார். இவ என் பெண்டாட்டி. நானும் இவளும் ஒண்ணுதான்."

லாப்ஷின் பெருமூச்சு விட்டு வேன் கதவைத் திறந்தான்.

உள்ளே ஏறிய பிறகுதான் யெஃபிமுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

"ரிம்கா... நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

தெரிந்த வசவெல்லாம் அவள் தொண்டை வரை வந்தது. அவனை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட, அந்த ஊரையே கொளுத்த வேண்டும் போலிருந்தது.

"இல்ல. சரியாத்தான் சொன்ன" என்றாள்.

யெஃபிமுக்கு முதல் குற்றம், அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். பெண்டாட்டியைப் பெண்டாட்டி என்று ஒருவன் தெருவில் நின்று சொன்னதற்கு, ரிம்மாவுக்கு இரண்டரை வருடம்.