எந்த ஊர்க் கல்

தம்பி இராஜாங்கம் லாரி ஏறிப்போன தை வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அம்சத்தின் கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போகும். முடிச்சுக்குள் ஒரு கல். எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலில் திருப்புவார். ஒரு பக்கம் கிளிப்பச்சை, சாய்த்தால் மயில்கழுத்து நீலம், இன்னும் சாய்த்தால் செம்பு. டீசல் சிந்திய வாய்க்கால் தண்ணீரைப் போல நிறங்கள் அதற்குள் நகரும்.

அம்சத்துக்கு நன்னிலத்துக்கு வடக்கே ரோட்டு வேலை. லாரி கொட்டிப்போகும் பாறைத் துண்டுகளைக் குந்தி உட்கார்ந்து சுத்தியால் உடைத்து ரோட்டில் பரப்பும் கப்பியாக்க வேண்டும். சில்லு தெறிக்குமென்று இடது கண்ணை மூடிக்கொண்டே உடைத்துப் பழகியவர். பேசும்போதும் அந்தக் கண் பாதிதான் திறக்கும். ஆளைக் கேலி செய்வது போலிருக்கும். பெரும்பாலும் கேலிதான்.

“நம்ம மண்ணுல நெல்லு வெளையும், உளுந்து வெளையும், கல்லு வெளையாதுங்க. இங்க கெடக்குறது அத்தனையும் லாரில வந்தது” என்பார்.

அந்த வெள்ளிக்கிழமையும் எல்லாம் லாரியில்தான் போய் முடிந்தது. புது சர்க்கார் வந்தபின் முதல் தை அறுவடை. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்க, வரப்பில் அடிதடி. போலீஸ் தேடியவர்களில் முதல் பெயர் அம்சத்தின் தம்பி இராஜாங்கம். ரோட்டுக்குக் கல் இறக்கிவிட்டு காலியாகத் திரும்பிய லாரியில் தாவி ஏறிப் போனான். வழக்கு பிறகு தள்ளுபடி ஆகிவிட்டது. அது அவனுக்குத் தெரியாது.

அந்த லாரி அன்று இறக்கிப்போன குவியலை மறுவாரம் உடைத்தபோது கிடைத்தது இந்தக் கல். அந்த லாரி பிறகு வரவில்லை, ரோட்டு வேலையைக் குத்தகை எடுத்திருந்தவரும் செத்துப்போனதால் லாரி எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லை. கல்லின் ஊர் தெரிந்தால் தம்பி போன ஊர் தெரியும் என்பது அம்சத்தின் கணக்கு.

அதனால் கல் ஏற்றிவரும் டிரைவர்களிடமெல்லாம் அதை நீட்டுவார். கல்லுக்கு ஏது ஊரு என்று சிரித்தார்கள். கடைத்தெருவில் நகை செய்யும் பத்தர் ஒருவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார். “நான் வெல கேக்கலங்க, ஊரு கேக்குறேன்” என்று அம்சம் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். முத்துப்பேட்டையிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் அப்துல் ஹமீது, இது சிப்பி மாதிரியல்லவா மினுங்குகிறது என்றாராம். “ஏன் பாய், கடலுக்குள்ளயா லாரி ஓடுது?” என்று அவரை விரட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பல வருஷம் வெளியூர்களில் அலைந்துவிட்டு வந்திருந்த என்னிடமும் கேட்டார். “ஊரு ஊரா சுத்துனவங்களாச்சே, நீங்க சொல்லுங்க பாப்போம்.” எத்தனையோ மலைகளைப் பார்த்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும், எனக்குத் தெரிந்த பிரகதாம்பாளுக்கு அனுப்பிக் கேட்கிறேன் என்றேன். அம்சம் கல்லைத் தரவில்லை. அதைப் பாறைத் துண்டு ஒன்றின்மேல் வைத்தார். பிறகு இடது கண்ணை மூடினார். சுத்தியால் ஒரே அடி. பாதியை என்னிடம் கொடுத்தார்.

அதற்குப்பின் என்னைக் கண்டால் கேள்வி கிடையாது. சுத்தி மட்டும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். இன்னும் பதில் வரவில்லையென்று நான் தலையசைப்பேன். சுத்தி இறங்கும்.

அடுத்த வருஷம் குறுவை அறுப்பும் முடிந்தபின் பிரகதாம்பாளின் கார்டு வந்தது. குவியலருகே நின்று படித்துக் காட்டினேன். நிறம் காட்டுவது கல் அல்ல. ஒரு காலத்தில் அந்தப் பாறை இருக்கும் இடத்தில் கடல் இருந்தபோது வாழ்ந்த சிப்பியின் ஓடு, பாறைக்குள் அப்படியே தங்கியிருக்கிறது. இந்தப் பாறை அரியலூர்ப் பக்கம் வெட்டி எடுப்பது.

“பாய் சொன்னாரே” என்றார் அம்சம். பிறகு ஊர்ப்பெயரை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கும்பகோணம் போய்க் கொள்ளிடத்தைத் தாண்டினால் வந்துவிடும் ஊர்.

சுத்தியைப் பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த கண்ணாத்தாளிடம் கொடுத்தார். வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினார். கும்பகோணம் பஸ் வந்ததும் கையைக் காட்டி ஏறினார். எங்கம்மா போகணும் என்று கண்டக்டர் கேட்டார். அம்சம் முடிச்சை அவிழ்த்து, பாதிக் கல்லை எச்சில் தொட்டுத் துடைத்து, அவரிடம் நீட்டினார்.