லென்ஸ் மட்டும் போதாது என்றவர்

ஜரீனாக்கா மாரடைப்பில் இறந்த செய்தி எங்கள் கண் மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கைகூப்பும் படங்கள் நாலு. அதற்கடியிலேயே மேலாளரின் குரல் பதிவு: அடுத்த முகாமில் கண்புரை ஆபரேஷன் எண்ணிக்கை குறையக் கூடாதாம்.

"அமைதியானவர்" என்று இரங்கல் பலகையில் எழுதியிருக்கிறார்கள். பொய். பூந்தமல்லியிலிருந்து வந்து இருபது வருடம் கண் பரிசோதித்த அந்த மனுஷியின் சத்தம், அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை எங்கள் முகாமுக்கு வந்தவர் கன்னியப்பன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். சர்க்கரைக்காரர். அதற்கு முன்பு வேறெங்கோ ஒரு கண்ணில் புரையை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்கள். சர்க்கரையால் விழித்திரை வீங்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கண் போயிற்று. மிச்சமிருந்த கண்ணிலும் புரை, ஸ்கேனில் அதே வீக்கம். புரையை எடுக்கும்போதே கண்ணுக்குள் மருந்து ஊசியும் போட வேண்டும். இலவசத் திட்டத்தில் ஊசி கிடையாது. ஆபரேஷன் பட்டியல் எழுதுவது என் வேலை; அவர் பெயருக்கு நேரே 'புரை மட்டும்' என்று எழுதியது நான்தான்.

ஜரீனாக்கா கேஸ் ஷீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தியேட்டர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"புரைய எடுக்கட்டும். ஊசி அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர்.

"அப்புறம்னா எப்ப சார்? இதுவும் அவிஞ்ச அப்புறமா?"

கன்னியப்பன் சிரித்தார். "இன்னாம்மா, என்ன வெச்சிகினு பஞ்சாயத்தா?"

"நீ கம்முனு குந்து நைனா. ஒன் கண்ணுக்குத்தான் கத்திகினு கீறேன்."

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். ஸ்கேனைப் பார்த்தார். கட்டணப் பிரிவு ஃபிரிட்ஜிலிருந்து ஊசி வந்தது. ஒரே மேஜையில் லென்ஸும் வைத்து ஊசியும் போட்டார்கள். அடுத்தடுத்த ஊசிகளுக்கும் ஜரீனாக்கா சண்டை போட்டார். கன்னியப்பன் இன்றும் தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்.

ஜரீனாக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். ஒழுங்கீனமாம். "ஒழுங்கா இருந்தா போன கண்ணு வந்துடுமா?" என்று கேட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். மேலாளர் அறைக்குள் போய் அவர் எதையும் பேசியதில்லை. நோயாளி எதிரிலேயே பேசுவார். "அவங்க கண்ணு. அவங்க காதுல வுழணும்" என்பார்.

நேற்று ஆவடியிலிருந்து வந்த ஒரு அம்மாவை, விழித்திரை வீக்கம் இருந்தும், புரைக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "அம்மா, சக்கரையால உங்க விழித்திரை வீங்கியிருக்கு, ஸ்கேன்ல தெரியுது. உங்களுக்கு லென்ஸ் மட்டும் போதாது. ஊசியும் வேணும். கேளுங்க."

மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அந்த அம்மா ஊசி வேண்டும் என்று கேட்டார். பெஞ்சில் அடுத்திருந்தவரும் எழுந்தார்.

"தம்பி, எனக்கும் சக்கர கீது. அந்த ஸ்கேன் எனக்கு எடுத்தாங்களா? பாத்து சொல்லு."