நிறுத்தக் கூடாத கணினி

என் அக்கா சுதாவின் கணவர் ரெங்கசாமி அத்தானைப் பற்றி எங்கள் சொந்தத்தில் யாரும் உருப்படியாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "பாவம் லா அவரு" என்பதோடு சரி. கல்யாண வீட்டில் அவர் தலை தெரிந்தால் போதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார், இங்கே பொங்கோலில் ஒரு சாமியார் வந்திருக்கிறார் என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, பாக்குறேன்" என்பார். அப்புறம் சாப்பாட்டில் கவனமாகிவிடுவார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகன் குமரன் சிறப்புப் பள்ளியை முடித்து வீட்டோடு வந்த வருடம் அந்த வேலையை விட்டார். இப்போது புக்கிட் மேராவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூட வாசலில் காலை நேரக் காவலாளி. குமரனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆட்டிசம். பேச்சு ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடும். பசியையும் வலியையும் சொல்லத் தெரியாது. தாங்க முடியாமல் போனால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான்.

அவனை அமைதியாக வைத்திருந்தது அவனுடைய பழைய கணினி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகனும் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறி, புறப்படும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை போவார்கள். வாரம் முழுக்க உட்கார்ந்து அந்தப் பாதையைக் குமரன் கணினியில் வரைவான். கணினியோடு இலவசமாக வரும் சின்னப் படம் வரையும் வசதிதான், வேறு ஒன்றும் இல்லை. அதில் ஒவ்வொரு பேருந்து நிறுத்தமும் இருக்கும், மேம்பாலம் இருக்கும், நிழல் விழும் மரம்கூட இருக்கும். சிராங்கூன் ரோட்டில் பூக்கடைக்கு முன்னால் இருக்கும் குப்பைத் தொட்டியை அவன் படத்தில் பார்த்து நான் அசந்துபோனேன். டாக்சி ஓட்டிப் பிழைக்கிற எனக்கே அந்தத் தொட்டி அங்கே இருப்பது தெரியாது. பள்ளியை விட்டதிலிருந்து பாதை பாதையாகச் சேர்த்துச் சேர்த்துக் கிட்டத்தட்ட ஊர் முழுவதையும் வரைந்துவிட்டான். சுவா சூ காங் பக்கம் கொஞ்சம் பாக்கி.

ஒரு நாள் அந்தப் பெட்டி கருகிய வாசனையோடு அணைந்தது. அக்கா போன் செய்தாள், பின்னால் குமரன் அலறுவது கேட்டது. நான் போனபோது அவன் நெற்றி வீங்கியிருந்தது. அத்தான் சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியை டாக்சியின் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டு, அக்காவைக் குமரனோடு விட்டுவிட்டு, அத்தானையும் ஏற்றிக்கொண்டு தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன்.

அங்கே மாடியில் ஒரு குட்டி அறையில் கணினி பழுது பார்க்கிறவர் அஹமது கபீர். மூன்று கடையில் "த்ரோ பண்ணிட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொன்னதை, இவர் ஒருத்தர்தான் திறந்து பார்த்தார். உள்ளே தூசி பஞ்சுபோல அடைந்திருந்தது. பவர் சப்ளை எரிந்துபோயிருந்தது. சர்க்யூட் பலகையில் இரண்டு கெப்பாசிட்டர் வயிறு உப்பிக் கிடந்தன. அவற்றைப் பிடுங்கி வேறு வைத்தார். மெமரி அட்டையின் கால்களை ரப்பரால் தேய்த்துச் செருகினார். எல்லாம் எழுந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் அடம்பிடித்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துச் சட்டென்று ஒரு திருகு திருகி, மறுபடி மறுபடி முயன்றபோதுதான் சுற்றத் தொடங்கியது. பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம்.

"படத்தை உடனே வேற டிஸ்க்குல ஏத்தணும் அண்ணே" என்றார் அத்தானிடம். "ஆனா பெட்டியில யூஎஸ்பி எல்லாம் செத்துப்போச்சு. இந்தப் பழைய வகை டிஸ்க்குக்குத் தனி கேபிள் வேணும், என்கிட்ட இல்ல. ஆர்டர் பண்றேன், சனிக்கிழமை வந்துடும். இங்கயே விட்டுட்டுப் போங்களேன்."

"அவன் தாங்கமாட்டான் பாய்" என்றார் அத்தான்.

கபீர் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். குமரன் அறையில் அதே திருகு வேலையைச் செய்து டிஸ்க்கைச் சுற்ற வைத்தார். கிளம்பும்போது அத்தானின் தோளைப் பிடித்துச் சொன்னார். "அண்ணே, இது ஓடிக்கிட்டே இருக்கட்டும். சனிக்கிழமை வரைக்கும் யாரும் ஆஃப் பண்ணக் கூடாது. நின்னுச்சுன்னா திரும்ப எழுந்திருக்காது."

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை சரஸ்வதி பூஜை. அது எனக்கு உறைக்கவே இல்லை. அத்தானுக்கு உறைத்திருக்கிறது. கபீர் போனதும் அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இந்த வருஷம் பூஜை வேணாம்" என்றார். சாமி விஷயத்தில் யாருக்கும் வளையாத என் அக்கா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஹால் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. குமரன் தன் கணினியை அணைத்து நாள் முழுக்கத் தொடாமல் இருப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள்தான். பூஜையன்று யாரும் தொழில் சாமானைத் தொடமாட்டோம், மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுப்போம் அல்லவா, அதை அவனுக்குப் பழக்கியது அத்தான். "கையில இருக்கிறத ஒரு நாளாச்சும் கீழ வைக்கத் தெரியணும் மாப்ளே. எனக்கப்புறம் எங்கயோ ஒரு ஹோம்ல இருக்கப்போறவன். அங்க வேணாம்னா வேணாம்தான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். முதல் வருடம் அவரைக் கடித்தே விட்டான். அடுத்த வருடமும் அலறல். அத்தான் கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே நாலு சொல்: "பூஜை. ஆஃப். நாளைக்கு ஆன்." பிறகு ஒரு வருடம் அவனே அணைத்தான், அவனே சந்தனம் வைத்தான். அத்தான் அவன் கன்னத்தைத் தட்டி "சமத்து" என்றார். அவர் வாழ்க்கையில் ஜெயித்தது என்று ஏதாவது உண்டென்றால் அதுதான். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் வண்டியை நிறுத்திவிட்டு அங்கே போனேன். வீட்டில் பூஜைக்கான அறிகுறி எதுவும் இல்லை. சுண்டல்கூட வைக்கவில்லை. குமரன் அறையில் டிஸ்க் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நானும் அத்தானும் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ எல்லாருக்கும் சரஸ்வதி பூஜை வாழ்த்து சொன்னார்கள். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா ஏதோ துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்தக் கடகட சத்தம் நின்றது.

அத்தான் காப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். கணினியின் திரை கறுத்திருந்தது. பெட்டியின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மேலே ஒரு புதுத் துண்டை நான்கு மூலையும் நேராக இருக்கும்படி போர்த்தியிருந்தான் குமரன். கைகூப்பி நின்றுகொண்டிருந்தவன் அப்பாவைப் பார்த்ததும் திரும்பினான்.

"பூஜை. ஆஃப். நாளைக்கு ஆன்" என்றான்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் அத்தான் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது, எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் மெல்ல அவனிடம் போய்க் கன்னத்தைத் தட்டினார்.

"சமத்து" என்றார். அவர் குரலை அப்படி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"அத்தான், இப்பவே ஆன் பண்ணிப் பாருங்க. சூடு ஆறுறதுக்குள்ள" என்று அவர் காதோரம் சொன்னேன்.

"நாளைக்குன்னு சொல்லியிருக்கேன் மாப்ளே."

"அவனுக்கு என்ன தெரியப்போகுது!"

"அவனுக்கு அது மட்டும்தான் தெரியும்" என்றார். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் மனசு கேட்காமல் கபீரையும் ஏற்றிக்கொண்டு போனேன். குமரன் குளித்து, வேட்டி கட்டி, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். துண்டை எடுத்து மடித்து வைத்தான். சுவிட்சை அழுத்தினான். மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. பிறகு உள்ளிருந்து தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் வந்து அடங்கியது. திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்து நின்றது.

கபீர் டிஸ்க்கைக் கழற்றித் திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். அதே கீறல். காதை வைத்துக் கேட்டவர் நிமிர்ந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. "உள்ள தகடே கீறிப்போச்சு அண்ணே. இனி எங்க கொண்டுபோனாலும் படம் வராது" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் குமரனின் தலைக்குப் பின்னால் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் அலறவில்லை. திரையைப் பார்த்தான், சந்தனப் பொட்டைப் பார்த்தான். "நாளைக்கு ஆன்" என்றான். எழுந்து போய் அத்தானின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். தான் அழுத்தியதில்தான் ஏதோ தப்பு என்று நினைத்தானோ என்னவோ, அவருடைய ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து எடுத்து, கவனமாக அந்த சுவிட்சின் மேல் வைத்தான். வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தான் அழுத்தினார்.