கரண்ட் போனதும் நின்ற சோலார்

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு வெக்கை தாங்காது. அவருக்காகத்தான் சீட்டு எடுத்து மாடியில் சோலார் போட்டோம். பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

இன்று மதியம் தெருவில் கரண்ட் போனது. எங்கள் ஏசியும் நின்றது. சோலார் மாட்டிய தம்பிக்கு போன் செய்தேன்.

"லைன்ல கரண்ட் இல்லன்னா இதுவும் நின்னுரும்க்கா. இல்லன்னா இதோட கரண்ட் லைனுக்குப் போயி, கம்பத்துல வேலை செய்யுதவனுக்கு ஷாக் அடிச்சிரும்லா? தனியா பேட்டரி வச்சாத்தான் ஓடும்."

"இத மொதல்லயே சொன்னா என்னப்பா?"

"நீங்க கேக்கலியேக்கா."

பாளையங்கோட்டை வெயில். மாடியில் கால் வைக்க முடியவில்லை. கீழே அவர் வேர்வையில் நனைந்து கிடந்தார். ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டேன்.

"ஏட்டி, இன்னைக்கு வெயிலு பத்தலியோ?" என்றார்.

ஆமாம் என்று சொல்லி, பழியைச் சூரிய பகவான் மேல் போட்டுவிட்டேன்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.