ஐம்பத்தெட்டு விநாடி மியூசிக்

இதைச் சொன்னால் கேசட்டில் கோளாறு என்று ஒருவர் சிரிப்பார், பக்கத்து வீட்டு ரேடியோ என்று இன்னொருவர் விளக்கம் சொல்வார். சிரித்துக்கொள்ளுங்கள். ஷைமா இன்னும் லப்பைக்குடிக்காட்டில்தான் இருக்கிறாள். தேதி, மணி எல்லாம் அவள் வாயால் சொன்னது. ஒரு நிமிடம்கூட இதில் கூட்டவோ குறைக்கவோ இல்லை. இன்னொன்று, இது நடுராத்திரியில் நடந்ததும் இல்லை. 1998 ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டப்பகலில், ஊரெல்லாம் கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் நடந்தது.

ஷைமாவுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம். புருஷன் உபைத் சவூதியில், தம்மாமில் டிரைவர் வேலை. அவன் லீவில் வந்திருந்த நாற்பத்தைந்து நாளில் இருவரும் தொல்லையில்லாமல் சேர்ந்து உட்கார்ந்தது ஞாயிறு காலை பத்தரையிலிருந்து பதினோரு மணி வரைதான். டி.வி.யில் ஒரு விண்வெளித் தொடர் வரும். இந்தியில் பேசுவார்கள், இருவருக்கும் ஒரு எழவும் புரியாது. ஆனால் பெயர் போடும்போது வருமே ஒரு மியூசிக்! முதலில் கிணற்றுக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல். அதற்கு மேல் ஒற்றைக் குழல் ஒன்று மெதுவாக ஏறும், ஏறும், நம்மையும் தூக்கிக்கொண்டு ஏறும். கடைசியில் நாலே நாலு முரசு அடி. மொத்தம் ஐம்பத்தெட்டு விநாடி. ஷைமா எண்ணி வைத்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும்.

ஜூன் கடைசியில் உபைதிடமிருந்து கடிதம் வந்தது. 'அந்த டைட்டில் மியூசிக்கை மட்டும் கேசட்டில் பிடித்து அனுப்பு. வேறு ஒரு சத்தமும் அதில் கலக்கக் கூடாது. நம் தெரு ஜமால் முகமது இருபதாம் தேதி இங்கே திரும்பி வருகிறார். அவரிடம் கொடுத்துவிடு' என்று எழுதியிருந்தது. ஷைமா அதைப் பத்துத் தடவை படித்தாள். அவருக்கு ஞாபகம் இருக்கே! அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

கேட்டது ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் அமைதி. அந்த வீட்டில் அது கிடைத்துவிடுமா என்ன?

ஜூலை 5. டேப் ரெக்கார்டரை டி.வி. ஸ்பீக்கர் முன்னால் வைத்து, பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மணி 10.30. உறுமல் ஆரம்பித்தது. உடனே குக்கர் விசில் அடித்தது. தெருவில் மீன்காரர் ஹாரனை அமுக்கினார். அடுப்படியிலிருந்து மாமியார் ஹஃபீசா, "ஷைமா! பால் பொங்குது புள்ள!" என்று கத்தினாள். சரி, தொடர் முடியும்போது அதே மியூசிக் இன்னொரு தடவை வரும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். 10.57. கரண்ட் போய்விட்டது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்காததுதான் பாக்கி.

கரண்ட் வந்ததும் போட்டுக் கேட்டாள். விசில், ஹாரன், பால் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு ஆம்பிளை தொண்டையைக் கனைத்தான். "ம்க்கும்..." மீன்காரராக இருக்கும் என்று அழித்துவிட்டாள்.

ஜூலை 12. இந்தத் தடவை ஒன்பது மணிக்கே சமையலை முடித்தாள். மாமி மாடியில் வத்தல் காயப்போடப் போயிருந்தாள். இரண்டு ஜன்னலையும் சாத்தி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். 10.30. உறுமல்... குழல்... முரசு. ஒரு சத்தம், ஒரு பொட்டுச் சத்தம் கலக்கவில்லை. சந்தோஷத்தில் டேப் ரெக்கார்டரைத் தட்டிக்கொடுத்தாள். 10.32க்கு ரீவைண்ட் செய்து போட்டாள்.

குழல் உச்சிக்கு ஏறுகிற இடம். அங்கே ஒரு ஆம்பிளைக் குரல், நிதானமாக, மரியாதையாகச் சொன்னது:

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க, தங்கச்சி."

நீங்களாக இருந்தால் பயந்திருப்பீர்கள். ஷைமாவுக்கு வந்தது ஆத்திரம். எவன்டா அவன்! பாய்ந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். சந்தில் யாரும் இல்லை. ஒரு ஆடு மட்டும் சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்து வாசல் பக்கமும் பார்த்துவிட்டு வந்து, மறுபடி போட்டாள். மறுபடி அதே குரல். திரும்பினால் மாமி பின்னால் நிற்கிறாள்.

"யாரு புள்ள அது?"

"தெரியல மாமி. சந்துல யாரோ நின்னு..."

"சந்துல நிக்கறவன் உன்ன மொற வச்சுக் கூப்புடறானா? கதவத் தாப்பா போட்டுக்கிட்டு உள்ள என்ன நடக்குது?"

"அல்லாவுக்காக அப்படிப் பேசாதீங்க மாமி."

புருஷன் வெளிநாட்டில். பூட்டிய அறை. உள்ளே ஒரு ஆம்பிளைக் குரல். இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்? வாலிகண்டபுரத்தில் ஷைமாவின் அம்மா கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். இந்தப் பேச்சு வாசலைத் தாண்டினால் மூன்று பேர் வாழ்க்கையும் போச்சு. ஒரு வாரம் ஷைமா சரியாகச் சாப்பிடவில்லை. அழுதால் குற்றம் செய்தவள் மாதிரி இருக்கும், அழாமல் இருந்தால் திமிர் மாதிரி இருக்கும்.

ஜூலை 19. "உங்க கண்ணால பாருங்க" என்று மாமியையே கூப்பிட்டாள். மாமி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்த்தாள். பிறகு கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

10.29. ஷைமா பொத்தானை அமுக்கினாள்.

10.30. உறுமல்.

குழல் ஏறியது... ஏறியது...

முரசு. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

முடிந்தது. பொத்தானை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஏதாச்சும் கேட்டுச்சா மாமி?"

"மியூசிக்குதான்."

இருவரும் டேப் ரெக்கார்டர் மேல் குனிந்தார்கள். உறுமல் சுத்தமாக இருந்தது. குழல் சுத்தமாக இருந்தது. போன வாரம் குரல் வந்த இடம் தாண்டியது... ஒன்றுமில்லை. ஷைமாவுக்கு மூச்சு வந்தது.

நாலாவது முரசு அடி.

பிறகு...

மைக்கில் வாயை வைத்த மாதிரி, அவ்வளவு கிட்டத்தில்...

"போதும் தங்கச்சி... கேட்டுட்டேன்."

மாமியின் கையிலிருந்து தஸ்பீஹ் விழுந்தது.

"நீங்கதானே கதவுல உக்காந்திருந்தீங்க! சொல்லுங்க மாமி, யாரு வந்தா? யாரு போனா?"

மாமியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் பயந்துபோன மனுஷிக்கு யார் மேலாவது பழியைப் போட்டால்தானே தூக்கம் வரும்? கேசட்டை வெடுக்கென்று உருவி எடுத்தாள். "இது உபைத்துகிட்டயே போவட்டும். அவனே கேட்டு முடிவு பண்ணட்டும். நீ உன் துணிய எடுத்து வை." மறுநாள் ஜமால் முகமது அந்தக் கேசட்டோடு விமானம் ஏறிவிட்டார்.

ஐந்து நாள் மாமி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஷைமாவின் சேலைகள் ஒரு பைக்குள் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டன.

ஜூலை 24, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 4.10. போன் அடித்தது. மாமி எடுத்தாள், கொஞ்ச நேரம் கேட்டாள், ரிசீவரை ஷைமாவிடம் நீட்டிவிட்டு அங்கேயே காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஷைமா, அன்னிக்கு ரூம்ல யாரு இருந்தா?"

"அல்லா மேல சத்தியமா யாரும் இல்லங்க!"

"சத்தியம் பண்ணாத. உன்ன நான் நம்புறேன். அது அரியமுத்து அண்ணன் கொரலு. நாங்க எட்டுப் பேரும் கேட்டுட்டோம்."

"யாருங்க அது?"

"எங்க ரூம்காரரு. மீன்சுருட்டி ஊரு. எனக்கு ஒழுங்கா தமிழ் எழுத வராதுன்னு உனக்குத் தெரியாது, நானும் சொல்லல. உனக்கு வந்த லெட்டரெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவரு எழுதினது. உன்னப் பத்திப் பேசுனா தங்கச்சின்னுதான் சொல்லுவாரு."

"அப்ப அந்த மியூசிக் வேணும்னு கேட்டது?"

"நான் அதச் சொல்லல ஷைமா. அவரா சேத்து எழுதியிருக்காரு. இங்க டி.வி.லயும் அது வரும், அவருக்கு அதுன்னா உசுரு. டி.வி. ரிப்பேராயிடுச்சு, கேக்க முடியலன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு."

அவ்வளவுதான், மூன்று வாரமாக அடக்கி வைத்தது வெடித்தது. புருஷனின் ஆசை என்று நினைத்து அவள் பட்ட பாடெல்லாம் யாரோ ஒரு அந்நியரின் ஆசைக்காகவா? "அப்ப அந்த ஆளு லீவுல ஊருக்கு வந்திருக்காரு! சந்துல நின்னு கேட்டிருக்காரு! இங்க என் மானம் போவுது, உங்களுக்கு வெளையாட்டா இருக்கா? அவரக் கூப்புட்டு உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. இப்பவே சொல்லச் சொல்லுங்க!"





"அவரு ஊருக்கு வரல ஷைமா."

"பின்ன?"

"மூணாந்தேதி, வெள்ளிக்கிழம. தூக்கத்துலயே போயிட்டாரு."

மாமி, "இன்னாலில்லாஹி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"நீ பயப்படுவேன்னுதான் சொல்லல. பேப்பர் இன்னும் சரியாவல. பாடி இங்க ஆஸ்பத்திரில ஐஸ் பெட்டியிலதான் இருக்கு. நேத்துகூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன்..."

மாமி மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையிலிருந்த பையைத் திறந்து, ஷைமாவின் சேலைகளை ஒவ்வொன்றாகப் பீரோவில் அடுக்கினாள்.

அரியமுத்துவின் உடல் ஆகஸ்ட் 21ஆம் தேதிதான் மீன்சுருட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை நாற்பத்தொன்பது நாளும் அவர் தம்மாமை விட்டு நகரவில்லை என்பதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிறது.