சொட்டுக்காரர் பேரில் வந்த மானியம்

சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு எல்லாரும் அவரைச் சொட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் தக்காளிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்ட முதல் ஆள் அவர். காலையில் வயலில் இறங்கினால், உப்பு அடைத்த துளைகளை ஊசியால் குத்திக்கொண்டு குனிந்தே நடப்பார். இடுப்பு ஒடிந்துபோகும். வாய் மட்டும் ஓயாது. "ஏன்டா, உனக்கும் என்மேல கோபமா?" என்று அடைத்த துளையிடமே கேட்பார்.

குழாய் வந்த கதை சின்னது. கம்பெனிக்காரன் வந்தான், குழாயைப் பதித்தான், வயலில் அவரை நிற்கவைத்துப் படம் பிடித்தான், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கினான், போய்விட்டான். மானியம் அரசாங்கத்திடமிருந்து நேராகக் கம்பெனிக்குப் போனது. இவர் கையில் செல்லாக் காசுகூட விழவில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. தண்ணீர் மிச்சமானதே, அது போதும்.

அப்புறம்தான் வேளாண்மை அலுவலகம் பட்டியல் போட்டது. மானியம் வாங்கியவர் பெயர், அப்பா பெயர், தொகை, எல்லாம் சுவரிலும் செல்போனிலும் வந்துவிட்டது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? தின்றவன் பெயர் சந்திக்கு வரட்டும். தின்னாதவன் பெயரும் கூடவே வந்தால் அவன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? இவர் பெயருக்கு நேரே மூன்றரை லட்சம் என்று பளிச்சென்று இருந்தது.

போன மாதம்தான் அவருடைய தங்கை வந்து அழுதிருந்தாள். லாரி ஓட்டும் அவள் கணவருக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்தாக வேண்டும். "கையில ஒண்ணுமே இல்லம்மா" என்று இவரும் சேர்ந்து அழுதார். அவள் நம்பினாள். அண்ணனைத் தேற்றிவிட்டுப் போனாள். பட்டியல் வந்த அன்று போன் செய்தாள்.

"மூணரை லட்சத்த வெச்சுக்கிட்டா அண்ணா என்கூட சேர்ந்து அழுத?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இவர் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த அதிகாரி நல்ல பெண், உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள்.

"பட்டியல்ல தப்பு இல்லையே ஐயா. மானியம் உங்க பேர்லதானே வந்திருக்கு?"

"பணத்த நான் கண்ணாலயே பாக்கலம்மா. கம்பெனிக்குப் போச்சுன்னு பக்கத்துல எழுதிடுங்க."

"அத எழுத இதுல இடமே இல்லீங்க ஐயா." அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

குழாயைப் பிடுங்கி விற்றுவிடலாமா என்று கேட்டார். மானியத்தில் வந்த பொருளை விற்றால் வழக்கு வரும் என்றாள். அடச்சீ, இது என்ன பிழைப்பு! கிடைத்த பொருளையும் விற்க முடியாது, கிடைக்காத பணத்தையும் இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போய் நிலப் பத்திரத்தை எடுத்தார். மனைவி தடுக்கவில்லை. வட்டிக்கும் பணம் கொடுக்கும் உரக்கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கே கடனா? அந்தப் பணத்த எங்கதான் பதுக்கி வெச்சிருக்கீங்க?" சிரித்தாரே தவிர, வட்டியில் ஒரு பைசா குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பணப் பையை வைத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

"கடன் வாங்கினதும்மா. பத்திரத்த வெச்சு..."

"விடு அண்ணா." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமேயும் எதுக்குப் பொய்? கடைசியில மனசு வந்து கொடுத்துட்டல்ல. நான் எதையும் மனசுல வெச்சுக்கல."

பல நாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது. மறுபடி வாயைத் திறந்தால் அந்த முகம் மறுபடி வாடும். அவள் பையோடு எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கணவரிடம் சொல்வது வெளியே கேட்டது.

"எங்க அண்ணன் கொடுத்துட்டாருங்க. அந்த மானியப் பணத்த அப்படியே கொண்டுவந்து கொடுத்துட்டாரு."