ஸ்கொட்லாந்துக்காரரின் ஒரே நூலகம்

2009இல் நான் பாரிஸில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கட்டடப் படவரைஞராக வேலை செய்தவன் என்று அங்கே எவரிடமும் சொன்னதில்லை. யுத்தம் முடிந்த அந்த வைகாசிக்குப் பிறகு ஊரைப் பற்றிக் கதைக்கவே பிடிக்கவில்லை.

மதியங்களில் தோசை சாப்பிட ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் வருவார். அறுபதை நெருங்கிய கட்டடக் கலைஞர். ஒருநாள் முதலாளி, குசினிக்குள் புகை அடைக்கிறது என்று அவரிடம் யோசனை கேட்டார். நான் ஒரு பில்லின் பின்பக்கத்தில் குசினியை அளவோடு கீறிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு இங்கே என்ன வேலை?"

"கோப்பை கழுவுறன்."

அடுத்த மாதம் அவருடைய ஒற்றை அறை அலுவலகத்தில் சேர்ந்தேன். முப்பது வருடம் பெரிய நிறுவனங்களில் மற்றவர்களின் கட்டடங்களுக்குப் படிக்கட்டும் கழிவறையும் வரைந்தவர். அவர் பெயரில் ஒரு கட்டடமும் இல்லை. அப்போதுதான் ஒரு புறநகர் நூலகத்துக்கான போட்டியில் வென்றிருந்தார். நான்கு வருடம் இருவரும் அதையே வரைந்தோம். ஜன்னல்களை முழங்கால் உயரத்தில் வைக்கச் சொன்னார். "தரையில் இருந்து வாசிக்கிறவருக்கும் மரம் தெரியவேண்டும்."

சுவர்கள் எழும்பிய நேரம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வேலை முழுவதும் எனக்குத் தெரியும். ஆனால் என் படிப்பு இங்கே செல்லாது, வரைபடங்களில் கையெழுத்திட முடியாது. நகரசபை வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்தது.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வரவில்லை. பிறகொரு நாள் சக்கர நாற்காலியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் பலகையில் வேறு பெயர். தாழ்ந்த ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். குளிருக்காம். அவர் இடது கையால் அந்தச் சுவரைத் தடவினார்.

"நான் பிழையாகக் கீறினேனா?"

"இல்லை."

அவர் நம்பவில்லை.

அந்தக் குளிர்காலமே போய்விட்டார். தகனத்துக்கு என்னோடு ஐந்து பேர். சில நாட்கள் கழித்து ஸ்கொட்லாந்திலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் கேட்டார்: "அண்ணன் அங்கே என்ன கட்டினார்?"

"ஒரு நூலகம்," என்றேன்.

படம் ஒன்று அனுப்பச் சொன்னார். ஓம் என்றேன். இரண்டு தடவை போய் எதிரே நின்றேன். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் அது அவருடையதாக இல்லை.